ஆதாரமில்லாத மூஸ் மான்

ஆல்டர் ரேபிட்ஸ், மிச்சிகன்
ஏப்ரல் 2, 2025

மதிப்பிற்குரிய திரு. காரெட் நியெமி அவர்களுக்கு,

என் பெயர் டெஸ்ஸா காங்காஸ். ஆல்டர் ரேபிட்ஸ் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறேன். நீங்கள் படித்த அதே பள்ளி. அதே வகுப்பறையாகவும் இருக்கலாம், ஏனென்றால் ஜன்னலோர மேசையில் ‘ஜி. என்.’ என்று யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். அது நீங்கள்தானா என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு துண்டறிக்கை செய்கிறோம். கணினியில்தான். ஊரைப் பற்றி ஒரு விஷயத்தை எடுத்து, ஆராய்ந்து, படம் வைத்து, ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. யார் சொன்னது, எப்போது சொன்னது, நீ எங்கே பார்த்தாய் என்று மூன்றையும் அதில் நிரப்பினால்தான் எங்கள் ஆசிரியை திருமதி புஷார்ட் அச்சுக்கு விடுவார். மே 17 மூஸ் திருநாள். அன்றைக்கு ஊர்வலம் பார்க்க வருகிறவர்களுக்கு இவற்றைக் கொடுப்போம். மூஸ் மானைப் பற்றிச் செய்கிறவருக்கு ஊர்வலத்தில் வரும் தீயணைப்பு வண்டியில் முன் இருக்கை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மூஸ் எனக்கு விழுந்தது. ஓவன் லாட்டிக்கு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற எங்கள் ஊர் பேஸ்டி விழுந்தது. அவன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

திருமதி புஷார்ட் இந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தார். அவரிடம் ஒரு விதி உண்டு: ஆதாரத்துக்கு ஆதாரம் எது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும், இனிமேல் போக முடியாது என்கிற வரைக்கும். நான் போனேன். 1931-ல் ஒரு மூஸ் மான் ஆல்டர் பாலத்தின் நடுவில் நான்கு நாள் அசையாமல் நின்றது, ஊரே வண்டிகளை நிறுத்திவிட்டு அதற்கு ஆப்பிள் போட்டது என்று நூலகத்து நோட்டீஸில் இருக்கிறது. ஆதாரம், ஊர் இணையதளம். ஊர் இணையதளத்துக்கு ஆதாரம், மாவட்டச் சுற்றுலாக் கையேடு. கையேட்டுக்கு ஆதாரம், எங்கள் பள்ளியின் பழைய இணையப் பக்கம், 2007. அந்தப் பக்கத்தின் அடியில், ‘எழுதியது: காரெட் நியெமி, நான்காம் வகுப்பு.’

உங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

முதல் கேள்வி: உங்களுக்கு இதை யார் சொன்னார்கள்? இரண்டாவது: போன ஞாயிறு அப்பாவோடு பாலத்துக்கு அடியில் மீன் பிடிக்கப் போனேன். தூணில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. அதில் ‘கட்டியது 1934’ என்று வார்த்திருக்கிறது. நீங்கள் 1931 என்கிறீர்கள். இரண்டில் ஒன்று தப்பு. தகடு இரும்பு.

எங்கள் பள்ளிக் கணக்கிலிருந்து வெளியாருக்கு மின்னஞ்சல் போகாது. அதனால்தான் காகிதம். நீங்களும் என் வீட்டு விலாசத்துக்குக் காகிதத்தில் பதில் எழுதுங்கள். உங்கள் விலாசத்தை உங்கள் அம்மாதான் கொடுத்தார். எதற்கு என்றார். “ஒரு ஆதாரத்துக்கு”ன்னேன். “எங்க காரெட்டா, அவன் சின்ன வயசுலயே ஆராய்ச்சி பண்ணவனாச்சே”ன்னு சொல்லிக் கையில் ஒரு பேஸ்டியும் கொடுத்தார்.

இப்படிக்கு,
டெஸ்ஸா காங்காஸ்

பி.கு. என் துண்டறிக்கையின் முதல் பிரதியை இணைத்திருக்கிறேன்.

*

ஒமாஹா, நெப்ராஸ்கா
ஏப்ரல் 9

டெஸ்ஸா,

மேசையில் கீறியது நான்தான். திரு. நியெமி என்று எழுதாதே, அது என் அப்பா.

உன் முதல் கேள்விக்குப் பதில்: ஞாபகம் இல்லை. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. நேற்று மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவதற்கு: பழுது பார்த்த வருஷத்தைத் தகட்டில் போட்டிருப்பார்கள். பாலங்களில் அப்படிச் செய்வதுண்டு.

உன் பிரதியைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மூன்று வகை எழுத்துரு. ஒன்று போதும். தலைப்பு மஞ்சள், பின்னணி வெள்ளை. பத்தடி தள்ளி நின்றால் யாராலும் படிக்க முடியாது. அப்புறம், நீ வைத்திருக்கும் படத்தில் இருப்பது மூஸ் இல்லை, எல்க். மூஸுக்குக் கொம்பு தட்டையாக, உள்ளங்கை மாதிரி இருக்கும். இதற்குக் கீழேயும் நீ ஆதாரம் போட்டிருக்கிறாய், பெயர், தேதி, இடம் எல்லாம் ஒழுங்காக. ஒழுங்கான ஆதாரத்தோடு தப்பான மிருகம்.

உண்மையாகவே சொல்கிறேன், தலைப்பை மாற்று. ஊருக்கு வடக்கே அருவி இருக்கிறது. அதன் உயரத்தை யாரும் மறுக்கப் போவதில்லை. மூஸ்தான் வேண்டுமென்றால் ‘ஊரில் வழங்கும் கதைப்படி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போ.

அம்மாவிடம் இனி இதைப் பற்றி எதுவும் கேட்காதே. அவருக்கு மே மாதம் முழுக்க வேலை இருக்கும்.

காரெட்

*

ஆல்டர் ரேபிட்ஸ்
ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய மிஸ்டர் காரெட் அவர்களுக்கு,

பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அனுமதி இல்லை. அதனால் இப்படி.

எழுத்துருவை ஒன்றாக்கிவிட்டேன். எல்க்கை எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னதற்கு நன்றி.

மற்றதற்கு நன்றி சொல்ல முடியவில்லை. பழுது பார்த்த வருஷமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஆதாரம் கொடுக்கவில்லை. நான் ஊர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா கட்டுமான ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினார். பாலம் 1934-ல்தான் கட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த இடத்தில் கயிறு பிடித்து இழுக்கிற ஒரு தெப்பம் இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னேன். ஓவன் கையைத் தூக்கிவிட்டு, “அப்ப உன் மூஸ் நாலு நாளா தண்ணி மேல நின்னுச்சா?”ன்னான். எல்லோரும் சிரித்தார்கள். திருமதி புஷார்ட்டும் கொஞ்சம் சிரித்தார், பார்த்தேன்.

‘ஊரில் வழங்கும் கதை’ என்று போடவும் ஆதாரம் வேண்டுமாம். உங்கள் பக்கம் வருவதற்கு முன்னாலேயே, அதாவது 2007-க்கு முன்னால், கதையைக் கேட்ட இரண்டு பேராவது வேண்டும். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு வந்த பதினொரு பெரியவர்களிடம் கேட்டேன். பதினொரு பேருக்கும் கதை தெரியும். யார் சொன்னது என்று கேட்டால் ஆறு பேர் ‘டெனிஸ் நியெமி’ என்றார்கள். அது உங்கள் அம்மா. நான்கு பேர் ‘திருநாள் பேனரில் பார்த்தேன்’ என்றார்கள். திரு. வீட்டலா மட்டும், “யாரு சொல்லணும்? என் கண்ணால பாத்தேன்”ன்னார். நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். பெட்டியில் போட வயது கேட்டேன். தொண்ணூற்று ஒன்றாம். பிறந்தது 1934-ல். “தாத்தா, நீங்க பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடில்ல”ன்னேன். “ஞாபகசக்தி எங்க குடும்பத்துல அப்படி”ன்னுட்டு மீனைச் சாப்பிடப் போய்விட்டார்.

‘ஞாபகம் இல்லை’ என்பதையும் ஆதாரமாகப் போடலாம் என்கிறார் திருமதி புஷார்ட். போட்டுப் பார்த்தேன். ‘காரெட் நியெமி, கடிதம், ஏப்ரல் 9: தனக்கு ஞாபகம் இல்லை என்கிறார்.’ பார்க்க நன்றாக இல்லை.

மே 13 அச்சு. அதற்குள் என் பெட்டி நிரம்பாவிட்டால் முன் இருக்கை பேஸ்டிக்குப் போய்விடும். எனக்கு அந்த இருக்கை வேண்டும். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கடையில் என்னைப் ‘புதுசா வந்தவங்க பொண்ணு’ன்னுதான் சொல்கிறார்கள்.

எழுத்துரு பற்றி உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இதையும் யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
டெஸ்ஸா

*

ஒமாஹா
ஏப்ரல் 21

டெஸ்ஸா,

ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உன் அப்பா அம்மாவிடம் தாராளமாகக் காட்டு. அவர்களிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. ஊரில் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே.

மூஸ் வரவில்லை. நான்தான் எழுதினேன்.

2007-ல் பள்ளிக்கு ஒரு இணையப் பக்கம் செய்தார்கள். ஊரைப் பற்றி ஆளுக்கு மூன்று தகவல். நிரப்புவதற்கு ஒரு படிவம், அதில் மூன்று பெட்டி. மூன்றும் நிரம்பினால்தான் ‘அனுப்பு’ பொத்தான் வேலை செய்யும். என்னிடம் இரண்டுதான் இருந்தன: ஆற்றின் நீளம், மர ஆலை. வெளியே பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியில் கைக்கு வந்ததை அடித்தேன். 1931, நான்கு நாள், ஆப்பிள். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. பெட்டி வாங்கிக்கொண்டது. பேருந்தைப் பிடித்தேன்.

இப்போது என் வேலை ரயில் சிக்னலுக்கு மென்பொருள் எழுதுவது. தப்பான மதிப்பு வந்தால் வாங்காத பெட்டிகளை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெட்டி எதைப் போட்டாலும் வாங்கியது. நீ கண்டுபிடித்த சங்கிலியை மறுபடி ஒருமுறை படித்தேன். நூலகம், இணையதளம், கையேடு, எல்லோரும் பெயரும் தேதியும் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கீழே குனிந்து தகட்டைப் பார்க்கவில்லை.

இனி கஷ்டமான பகுதி. 2011-ல் மர ஆலையை மூடினார்கள். ஊரில் பாதி வீடுகளில் ‘விற்பனைக்கு’ என்று பலகை. அம்மா ஏதாவது செய்ய வேண்டும் என்று கிடந்து தவித்தார். பழைய பள்ளிப் பக்கத்தில் என் மூஸைப் பார்த்தார். அடுத்த மே மாதம் முதல் மூஸ் திருநாள். நாற்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் அறுநூறு. முதல் வருஷம் என்னை மேடையில் ஏற்றி, “இதைத் தேடிக் கண்டுபிடிச்சது என் பையன்தான்”ன்னு சொன்னார். எனக்குப் பதினாலு வயசு. எல்லோரும் கை தட்டினார்கள். நான் நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது. கல்லூரிக்குப் போனதிலிருந்து எட்டு வருஷமாக மூஸ் திருநாளுக்கு நான் ஊருக்கே போகவில்லை. பரீட்சை என்பேன், இல்லாவிட்டால் ரயில் என்பேன்.

இதை அச்சில் படித்துத்தான் அம்மா தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அன்றைக்கு அவர் அறுநூறு பேர் நடுவில் தலையில் துணிக் கொம்பு கட்டிக்கொண்டு நின்றிருப்பார். அது நடக்கக் கூடாது. அருவியை எடுத்துக்கொள். கேட்டுக்கொள்கிறேன்.

காரெட்

*

ஆல்டர் ரேபிட்ஸ்
ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய மிஸ்டர் காரெட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்து, “பாவம்டி அந்தப் பையன்”ன்னார். அம்மா மட்டும் “பாவம் அவங்க அம்மா”ன்னாள்.

கடிதத்தை என் கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். வகுப்பிலேயே நல்ல ஆதாரம் என்னுடையதுதான். மற்றவர்களுடையது எல்லாம் யாரோ சொன்னதை யாரோ சொன்னது. என்னுடையது எழுதினவரே எழுதித் தந்தது. அதை நான் பயன்படுத்த முடியாது.

வியாழக்கிழமை திருமதி புஷார்ட் கேட்டார். “டெஸ்ஸா, பதில் வந்துச்சா?”

“வந்துச்சு மிஸ்.”

“என்ன எழுதியிருக்காரு?”

“இன்னும் படிச்சு முடிக்கல மிஸ்.”

அது இரண்டு பக்கம்தான். நான் இந்த ஆராய்ச்சியில் சொன்ன முதல் பொய் அது. உங்களால் வந்தது. எனக்கு உங்கள் மேல் கோபம்.

அருவியை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பெட்டியும் அரை மணியில் நிரம்பிவிட்டது. ஓவன் வந்து பார்த்துவிட்டு, “தோத்துட்டியா?”ன்னான். “தோக்கல, மாத்திட்டேன்”னேன். “அதுக்குப் பேருதான் தோக்கறது”ன்னு போய்விட்டான். வண்டிகூடப் பரவாயில்லை. ஆனால் அருவித் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த பேனருக்குக் கீழேதானே நிற்க வேண்டும். யாராவது வந்து, “பாப்பா, இங்கதான் மூஸ் நின்னுச்சா?”ன்னு கேட்டால் நான் என்ன சொல்வது? இப்போது எனக்குத் தெரியுமே. போன மாதம் தெரியாது.

ஒருத்தர் நமக்கு எழுதிய கடிதத்தை ஆதாரமாகப் போட அவர் கையெழுத்து வேண்டும். அதுவும் திருமதி புஷார்ட்டின் விதி. அந்த அனுமதிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போட மாட்டேன். சத்தியம். அருவியையே கொடுத்துவிடுவேன்.

போடுவதாக இருந்தால் முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். கடிதத்தில் வேண்டாம். போனில் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பள்ளிக் கணக்கு இல்லையே.

இப்படிக்கு,
டெஸ்ஸா

*

ஒமாஹா
மே 4

டெஸ்ஸா,

படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். கார் டயரைப் பற்றிப் பேசினோம். புதன்கிழமை மறுபடி செய்தேன். கார் டயரைப் பற்றியே பேசினோம். “என்னடா, உனக்கு டயர் வாங்கணுமா, காசு வேணுமா, என்னன்னு சொல்லித் தொலை”ன்னார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்கு ஆதாரம் என்றால் முழுசாக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

“அம்மா, அந்த மூஸ் விஷயம்.”

“பேனர் புதுசா அடிச்சாச்சு. பதினஞ்சு அடி.”

“அம்மா, அது நடக்கல.”

“எது நடக்கல?”

“மூஸ் வரல. பாலத்துல நிக்கல. அப்ப பாலமே இல்ல. நான் சும்மா எழுதினேன், பஸ் வந்துடுச்சுன்னு.”

பின்னால் சலவை இயந்திரம் ஓடுவது கேட்டது.

“அப்ப ஆப்பிள்?”

“ஆப்பிளும்தான்.”

“எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தே?”

“சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்.”

“அதான் நீ வர்றதில்லையா?”

“ஆமாம்மா.”

“மூஸ் பொய்யா இருந்துட்டுப் போகட்டும்டா. பரீட்சையும் பொய்யா? ரயிலும் பொய்யா?”

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

எட்டு வருஷமாக நான் தப்பான இடத்தில் பழுது தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மூஸ் உடைந்தால் அவர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு மூஸைப் பற்றிப் பெரிய கவலை இல்லை போலிருக்கிறது.

அவர் இப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. விழாவையே நிறுத்தலாம். உன்னைத் தேடி வரலாம். வந்தால் பயப்படாதே, சத்தம்தான் பெரிசு. நீ எழுத வேண்டியதை எழுது. பெட்டியில் ‘காரெட் நியெமி, கடிதம், ஏப்ரல் 21’ என்று போடு. ஏப்ரல் 9 கடிதத்தையும் போடு. ஞாபகம் இல்லை என்று நான் பொய் சொன்னதும் பதிவில் இருக்கட்டும்.

உன் ஆசிரியையிடம் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதை அவரிடமும் சொல்லிவிடு.

காரெட்

*

ஆல்டர் ரேபிட்ஸ்
மே 11

மதிப்பிற்குரிய மிஸ்டர் காரெட் அவர்களுக்கு,

உங்கள் அம்மா வந்தார்.

வியாழக்கிழமை மதியம், கணினி நேரத்தில். கதவைத் தட்டவில்லை. “யாரு இங்க டெஸ்ஸா காங்காஸ்?”ன்னார். முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. ஓவன் விரலாலேயே காட்டிக் கொடுத்தான்.

என் பக்கத்தில் இருக்கும் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையில் என் துண்டறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். தலைப்பு, ‘பாலத்தில் மூஸ் நிற்கவில்லை: நமக்கு எப்படித் தெரியும்?’ தகட்டின் படம், ஒப்பந்தத்தின் படம், திரு. வீட்டலா சொன்னது, உங்கள் இரண்டு கடிதங்கள், எல்லாம் இருந்தன.

“இதுல என் பேரு எங்க?”ன்னார்.

“உங்க பேரு எதுக்கு ஆன்ட்டி?”

“அவன் ஒம்பது வயசுல எழுதினான். நான் நாப்பத்திரெண்டு வயசுல, ஒரு வார்த்தை யாரையும் கேக்காம, ஊரெல்லாம் பேனர் அடிச்சேன். இதுல யாரும்மா பெரிய ஆளு?”

திருமதி புஷார்ட் ஏதோ சொல்ல வந்தார். “நீங்க இருங்க டீச்சர், அவ கேக்கட்டும்”ன்னார். அதனால் நான் நோட்டை எடுத்துப் பேட்டி எடுத்தேன். மூன்று கேள்வி கேட்டேன். கடைசிக் கேள்வி, ‘அன்றைக்கு ஏன் நீங்கள் ஆதாரம் கேட்கவில்லை?’ “மூஸ் வேணும்னு இருந்துச்சு. அதான் கேக்கல”ன்னார். அதை அப்படியே போட்டிருக்கிறேன். ‘டெனிஸ் நியெமி, நேரில் பேட்டி, மே 8.’

அன்று சாயங்காலம் ஊர் அலுவலகத்தில் விழாக் குழு கூடியது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விழா வேண்டாம், ஊர் பேர் கெட்டுவிடும் என்று ஒருத்தர் சொன்னார். உங்கள் அம்மா எழுந்து, “மூஸு வரல, சரி. ஜனங்க வந்தாங்களா இல்லையா? அவங்கள வருஷா வருஷம் வாசல்ல நின்னு எண்ணியிருக்கேன்”னார். பேனரில் ‘1931’ இருந்த இடத்தில் துணி ஒட்டி ‘2012 முதல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. திரு. வீட்டலா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “பாலம் இல்லன்னா என்ன, நான் பாத்தேன்”னு எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

திருமதி புஷார்ட் என் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஓவன் வந்து, “இப்படிச் செய்யலாம்னா நானும் பேஸ்டியைக் கண்டுபிடிச்சது யாருன்னு தேடியிருப்பேன்”ன்னான். தேடேன் என்றேன்.

கூட்டம் முடிந்ததும் உங்கள் அம்மாவிடம் கேட்டேன், “மிஸ்டர் காரெட் வருவாரா?”ன்னு. “அவனையே கேளு. வாயால சொன்னா நம்பாதே”ன்னார்.

அதனால் காகிதத்தில் கேட்கிறேன். வருவீர்களா?

இப்படிக்கு,
டெஸ்ஸா

*

ஒமாஹா
மே 20

டெஸ்ஸா,

உன் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. பதில் எழுதினால் விழா முடிந்துதான் கிடைத்திருக்கும். அதனால் காரை எடுத்தேன். பன்னிரண்டு மணி நேரம்.

உன்னைப் பார்த்தேன். முன் இருக்கையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பக்கமும் திரும்பாமல், நீயே வண்டி ஓட்டுகிற மாதிரி போனாய். கூட்டம் நெருக்கியடித்தது, அப்புறம் உன்னைத் தேடியும் கிடைக்கவில்லை. துண்டறிக்கையை ஒரு பையனிடம் வாங்கினேன். பேஸ்டி படம் போட்ட சட்டை போட்டிருந்தான், ஓவனாகத்தான் இருக்க வேண்டும். “இதப் படிங்க சார், ஒருத்தன் ஊரையே ஏமாத்தியிருக்கான்”ன்னான். நான்தான் அது என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு வேணுமா?”ன்னான். வாங்கிக்கொண்டேன். ஒன்று என் அலுவலக மேசையில் ஒட்டியிருக்கிறது.

தொழில்நுட்பக் குறிப்பு: ஏழு தகவல், ஏழு பெட்டி, எல்லாம் சரி. எழுத்துரு ஒன்று. தலைப்பை இருபதடியிலிருந்து படிக்க முடிகிறது. படத்தில் இருப்பது மூஸ். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இப்படி எழுதிப் பழக்கம் இல்லை.

திரு. வீட்டலா என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, “நீ எழுதினே, அதனால அது பொய்யாயிடுமா?”ன்னு கேட்டார்.

அம்மா பகல் முழுக்க என்னிடம் பேசவில்லை. பெட்டி தூக்கச் சொன்னார், தூக்கினேன். மேசை மடக்கச் சொன்னார், மடக்கினேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனோம். அடுக்களை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு மஞ்சள் தாளையும் பேனாவையும் எடுத்தார். தாளில் ஏற்கெனவே வருஷங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். 2017-லிருந்து 2024 வரை.

“2017. வேதியியல் பரீட்சைன்னே.”

“பொய்.”

“2018. உன் ரூம்ல இருக்கிற பையனுக்குக் கால் உடைஞ்சு போச்சுன்னே.”

“உடைஞ்சது நெஜம். பிப்ரவரியில.”

எழுதிக்கொண்டார். 2020-ல் தொற்றுநோயால் விழாவே நடக்கவில்லை. ஆனால் நான் ஜனவரியிலேயே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். அதைப் படிக்கும்போது அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2022-ல் எங்கள் தடத்தில் சிக்னல் உண்மையாகவே செத்துவிட்டது, மூன்று நாள் தூங்கவில்லை. “காட்டு”ன்னார். போனில் பழைய வேலைப் பதிவைத் தேடி எடுத்துக் காட்டினேன். தேதியைச் சரிபார்த்துவிட்டு அந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு டிக் போட்டார். எட்டில் ஒன்று.

பேனாவை மூடவில்லை. “அடுத்த வருஷம்?”

“வர்றேன்மா.”

“எழுதிக் குடு.”

தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அதன் பின்பக்கம் என் பெயர் எழுதினேன். 2026 மே 16, சனிக்கிழமை என்று எழுதினேன். எங்கே என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம்தான் நான் சாப்பிடத் தட்டை எடுத்து வைத்தார்.

காரெட்